பாதை திறந்தால்

1990இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் முதலாம் வருட மாணவர்கள் ஆங்கிலம் படித்த புத்தகத்துக்கு ‘அமெரிக்கன் கேர்னல் லெசன்ஸ்’ என்று பெயர். 1978இல் வெளிவந்தது. ஏசியா பவுண்டேசன் அன்பளிப்பாக அனுப்பியது. விமானப் பயணம், பெரிய கடைத்தொகுதி, இசைக்குழு, வார இறுதிப் பொழுதுபோக்கு என்று நகரத்து மத்தியதர வாழ்வு அதன் பக்கங்களில் கவலையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. புத்தகத்துக்கு வெளியே அந்த வருடம் ஜூன் மாதம் போர் மறுபடி தொடங்கியிருந்தது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் கடதாசியும் பற்றரியும் வருவது அரிது. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் படிப்பு. மாணவர்களின் ஆங்கில மட்டம் அறிய வைத்த பரீட்சையின்போது, பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் அரச விமானங்கள் குண்டு போட்டன. அந்தப் பரீட்சையில் காலங்களைப் பற்றி என்ன கேட்டிருந்தார்கள் என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

இவ்வளவும் நமக்குத் தெரிவது அந்த வகுப்பைப் படிப்பித்தவர் அதை எழுதிவைத்ததால். சுரேஷ் கனகராஜா 1984 முதல் பத்து வருடம் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். பிறகு அமெரிக்கா போய் மொழிக் கல்வித் துறையில் பெரிய பெயரானவர். தன் வகுப்பில் இருந்த 22 பேரை வைத்து 1993இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது விரிந்து 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகப் புத்தகமானது. அவர் செய்த கெட்டித்தனமான காரியம், மாணவர்கள் வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல், பாடப்புத்தகத்தின் ஓரங்களில் அவர்கள் கிறுக்கியவற்றையும் வாசித்தது. அங்கே சினிமா இருந்தது, காதல் இருந்தது, விடுதலைப் போராட்டச் சுலோகங்கள் இருந்தன. வகுப்பில் வாய் திறக்காத பெடியளும் பெட்டையளும் அமெரிக்கப் பாத்திரங்களோடு ஓரத்தில் சண்டை பிடித்திருந்தார்கள்.

இதுவரை எவரும் எதிர்பார்க்கக்கூடிய கதைதான். அடுத்த பாதிதான் சிக்கல். புத்தகத்தின் வாழ்வை வெறுத்த அதே மாணவர்கள், உரையாடல், குழுவேலை, பாத்திரம் ஏற்று நடித்தல் போன்ற சுதந்திரமான முறைகளையும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கேட்டது இலக்கணம். காலங்களின் அட்டவணை, விதி, பயிற்சி, விடை. கதைக்கிறதைப் பிறகு பார்ப்பம், முதலில் கிறமர் நோட்ஸைத் தாங்கோ சேர் என்ற வேண்டுகோளை யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த எவரும் கேட்டிருப்பார். எதிர்ப்பு ஒரு பக்கம், பரீட்சைக்கு அடங்கிப்போதல் மறுபக்கம் என்று கனகராஜா இதை ஓர் இரட்டைநிலையாகக் கண்டார். ஆங்கிலம் கட்டாய பாடம், சித்தியடைய வேண்டும்; அதற்கு இலக்கணம் போதும். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவென்று எனக்குப் படவில்லை.

நம் ஊரில் பேச்சு ஆங்கிலம் என்பது வீட்டுச் சொத்து. தகப்பன் கச்சேரியில் வேலை செய்தவரா, தாய் கொன்வென்றில் படித்தவரா, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்பதை வாய் திறந்த இரண்டாம் வசனத்தில் அது காட்டிக்கொடுக்கும். தெற்கில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று அர்த்தம். திரு கந்தையா 1984இல் அதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். அந்த வாள் வீசப்படுவது பேச்சில். உச்சரிப்பில், தயங்காமல் கதைப்பதில், சரியான இடத்தில் சிரிப்பதில். உரையாடல் வகுப்பு, வாள் உள்ளவனும் இல்லாதவனும் சமமாக நின்று விளையாடலாம் என்று சொல்லும் வகுப்பு. இல்லாதவனுக்கு அதன் பொய் உடனே விளங்கிவிடும்.

இலக்கணத்தில் அந்தத் தொல்லை இல்லை. ‘சின்ஸ்’ வந்தால் என்ன, ‘ஃபோர்’ வந்தால் என்ன என்பது அளவெட்டிப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒன்று. விதியைப் பாடமாக்கியவன் கேள்விக்குச் சரி போடுவான். அவன் தகப்பன் யார் என்று விதி கேட்காது. புத்தகத்தின் பாத்திரங்கள் விமானத்தில் எங்கே போனால் என்ன, ‘ஹாஸ் பீன் வெயிற்றிங்’ என்ற அமைப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அவர்களை அங்கேயே விட்டுவிடலாம். அந்த 22 பேர் செய்ய நினைத்தது அதைத்தான் என்பது என் எண்ணம். இதைப் பிற்போக்கான கற்றல் முறை என்று கருத்தரங்கில் சொல்வது சுலபம். சொல்பவருக்குப் பெரும்பாலும் வாள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

இந்த வகைக் களவு யாழ்ப்பாணத்துக்குப் புதிதுமல்ல. 1816இல் தெல்லிப்பழையில் இறங்கிய அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினார்கள். அங்கே ஆங்கிலம், கணிதம், வானியல், தமிழ் எல்லாம் உயர்ந்த தரத்தில் நடந்தன. பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது ஆங்கிலத்துக்கும் அதன் மூலம் கிடைக்கும் உத்தியோகத்துக்கும், வேதத்துக்கு அல்ல. 1855இல் பொஸ்டனிலிருந்து ரூஃபஸ் அண்டர்சன் வந்து பார்த்தார். மிசனின் பணம் சுவிசேஷத்துக்குப் போக வேண்டும், அதற்குத் தாய்மொழிக் கல்வி போதும் என்ற கொள்கைக்காரர் அவர். செமினறி மூடப்பட்டது.

மூடி இரண்டு வருடத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. பின்னவர் 1868இல் என்ன செய்தார் பாருங்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சில் ஏற்றினார். அமெரிக்கர் தந்த படிப்பு போய்ச் சேர்ந்த இடம் அது. திருநெல்வேலியிலும் இதே கதைதான். பல்கலைக்கழகம் இருக்கும் வளவு முன்பு பரமேஸ்வராக் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கியது. சிவன் கோயிலையும் ஆங்கிலக் கல்வியையும் ஒரே வேலிக்குள் வைத்த மனிதர். மத்தேயுவின் சுவிசேஷத்துக்குச் சைவக் கண்ணோடு ஆங்கிலத்தில் உரை எழுதி 1898இல் வெளியிட்டவரும் அவர்தான். 1974இல் அந்த வளவில் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமாகி, விமர்சகர் கைலாசபதி அதன் முதல் தலைவரானார். சனத்துக்கு அது இன்றைக்கும் ‘கம்பஸ்’.

கொடுப்பவர் ஒன்று நினைத்துக் கொடுக்க, வாங்குபவர் வேறொன்றை எடுத்துக்கொண்டு போகிறார். இலக்கணம் அப்படி எடுத்துப்போக மிக வசதியான பண்டம். ஆனால் எடுத்துவந்த பண்டத்தை நம் வீட்டில் எங்கே வைப்பது என்று எவரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என்னுடைய முறைப்பாடு.

காலங்களையே எடுப்போம். ரியூட்டரியில் கரும்பலகையை நாலாகப் பிரித்து மூன்று வரிசை போட்டுப் பன்னிரண்டு பெட்டி கீறுவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தமிழ் வசனம் எதிரே. அந்தத் தமிழ் எவரும் பேசாத தமிழ்: ‘நான் சென்றுகொண்டிருந்திருப்பேன்’. தமிழுக்கு மூன்று காலம், ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டு என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் மொழியில் இல்லாத ஒன்றைப் படிக்கிறேன் என்ற பயத்தோடுதான் பெட்டிகளைப் பாடமாக்குகிறது.

உண்மையில் திருநெல்வேலிச் சந்தைக்குள் அரை மணித்தியாலம் நின்றால் போதும். நேற்று எங்கை போனனி என்று கேட்டால், கொக்குவிலுக்குப் போனனான் என்று பதில் வரும். ‘போனன்’ என்று சொல்வதில்லை. அதே ஆள் நேற்று நடந்ததைக் கதையாகச் சொல்லத் தொடங்கினால், கொக்குவிலுக்குப் போனன், அவரைக் கண்டன், அவர் இப்பிடிச் சொன்னார் என்று போகும். கதையில் ‘சொன்னார்’, அவர் சொன்னாரா என்று பிறகு யாராவது கேட்டால் ‘ஓம், சொன்னவர்’. நடந்ததை நடந்த வரிசையில் ஓடவிடும் இறந்தகாலம் ஒன்று; நடந்தது என்று இப்போது நின்று பொறுப்பெடுத்துச் சொல்லும் இறந்தகாலம் இன்னொன்று. ஆங்கிலத்தின் ‘டிட்’டும் ‘ஹாவ் டன்’னும் இதே கோட்டில் பிரிவதில்லை. ஆனாலும் முடிந்த காரியத்தை இன்றைய நிலையிலிருந்து பார்ப்பது என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. அது வாய்க்குள் ஏற்கெனவே உண்டு.

இன்னொன்று, ‘வாறவர்’. சிவராத்திரிக்கு அவர் இஞ்சை வாறவர் என்றால், முன்பு வழக்கமாக வருவார், இப்போது இல்லை என்ற அவ்வளவும் அந்த ஒரு வினையில் அடக்கம். ‘யூஸ்ட் டு’ என்ற ஆங்கில அமைப்பைப் படிப்பிக்க ஒரு பாடவேளை முழுதும் செலவிடுவதைக் கண்டிருக்கிறேன். ‘வருவது வழக்கமாக இருந்தது’ என்று எழுதிப்போட்டுப் பத்துப் பயிற்சி. வாறவர் என்று சொல்லியிருந்தால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், விளங்கியும் இருக்கும். ஆனால் வகுப்பில் அந்தத் தமிழுக்கு இடமில்லை, அது கொச்சை. பேராசிரியர் சுசீந்திரராசா போன்றவர்கள் யாழ்ப்பாணத் தமிழின் அமைப்பை மொழியியல் முறையில் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த அறிவு ஆங்கில வகுப்பின் கதவைத் தட்டியதாகத் தெரியவில்லை. ஆங்கிலம் படிப்பிப்பவர் தமிழைக் கண்டுகொள்வதில்லை, தமிழ் படிப்பிப்பவர் பேச்சைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை.

பழைய இலக்கணகாரர் இவர்களைவிடப் பேச்சுக்குக் காது கொடுத்தவர்கள். அவசரத்தில் வருங்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வதுண்டு என்று தொல்காப்பியர் விதி செய்திருக்கிறார். நன்னூலார் அதை இன்னும் விரித்தார். தாய் கூப்பிட, செருப்பைத் தேடிக்கொண்டே ‘இந்தா வந்திட்டன்’ என்று பிள்ளை கத்துவது அந்த விதிக்கு நல்ல உதாரணம். அதே இடத்தில் ஆங்கிலப் பிள்ளை ‘ஐ ஆம் கமிங்’ என்று நிகழ்காலத்தில் கத்தும். இரண்டு பிள்ளையும் சொல்வது பொய் என்பது இரண்டு தாய்க்கும் தெரியும். காலம் என்பது மணிக்கூட்டை மட்டும் பார்த்துச் சொல்வதல்ல, சொல்கிறவன் நிற்கும் இடத்தையும் பொறுத்தது என்பதை விளக்க இதைவிட என்ன வேண்டும்? நாவலர் காண்டிகையுரை எழுதிய நன்னூலைப் பாடமாக்கிய ஊரில் இந்த இணைப்பைச் செய்யாமல், வெள்ளைக்காரப் பிள்ளைகளை மனதில் வைத்து இந்தியாவில் எழுதப்பட்ட ரென் அன்ட் மார்ட்டினை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி செய்தோம்.

நிபந்தனை வாக்கியங்களுக்கு வருவோம். இங்கேதான் நம்முடைய மொழி உண்மையிலேயே வேறு வழியில் போகிறது. ‘மழை பெய்தால் விதைக்கலாம்.’ பெய்யுமா பெய்யாதா என்பதைப் பற்றி இந்த வசனத்துக்கு அபிப்பிராயம் இல்லை. ஆங்கிலம் அப்படி விடாது. ‘இஃப்’ என்று வாய் திறந்தவுடனேயே சொல்கிறவன் தன் நம்பிக்கையின் அளவைக் காட்டியாக வேண்டும். நடக்கக்கூடியது என்றால் முதல் வகை, வெறும் கற்பனை என்றால் இரண்டாம் வகை, இனி மாற்றவே முடியாதது என்றால் மூன்றாம் வகை.

1990களின் முற்பாதியில் குடாநாட்டில் எல்லோர் வாயிலும் இருந்த வாக்கியம் ‘பாதை திறந்தால்’. ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்தது. கிளாலிக் கடலில் இரவில் படகேறித்தான் வெளியே போகலாம், அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. பாதை திறந்தால் கொழும்புக்குப் போகலாம், பாதை திறந்தால் கலியாணத்தை வைக்கலாம், பாதை திறந்தால் புரை பிடித்த கண்ணை வெட்டலாம். அந்த வகுப்பில் இருந்த ஒரு பிள்ளை இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்றால் எதைத் தெரிந்தெடுப்பாள்? ‘இஃப் த ரோட் ஓப்பின்ஸ்’ என்றால் அவளுக்கு நம்பிக்கை இருக்கிறது. ‘இஃப் த ரோட் ஓப்பின்ட்’ என்றால் அவள் கைவிட்டுவிட்டாள். தமிழில் அவள் இரண்டையும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சில நாள் நம்பினாள், சில நாள் நம்பவில்லை, வாக்கியம் மாறவில்லை. இது மொழியின் குறை என்று ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முற்றுகைக்குள் இருப்பவனுக்கு அது பெரிய வசதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்ட் 11 மூடியது. போர் முடிந்த பிறகு மறுபடி திறந்தது. முதல் வகையும் இரண்டாம் வகையும் இடம் மாறி இடம் மாறி வந்த வருடங்கள் அவை.

மூன்றாம் வகைக்கு நம்மிடம் உருவம் உண்டு: ‘போயிருந்தால்’, ‘நிண்டிருந்தால்’. அதைப் படிப்பிப்பதும் கஷ்டமில்லை, வேண்டிய அளவு உதாரணம் வீடுகளுக்குள் கிடக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது, திருநெல்வேலியும் நடந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்கு வந்தபோது பலர் வீடு திரும்பினார்கள், பலர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். வன்னிக்குப் போனவர்களில் ஒரு பகுதி 2009இல் முள்ளிவாய்க்காலில் போய் முடிந்தது. ஒரே வீட்டில் ஒரு தம்பி இந்தப் பக்கம், ஒரு தம்பி அந்தப் பக்கம். அப்ப திரும்பியிருந்தால் என்று தொடங்கும் வசனத்தின் பிற்பாதியை எந்தத் தாயும் முடிப்பதில்லை. பரீட்சைத் தாளில் முற்பாதியைத் தந்துவிட்டுப் பிற்பாதியை நிரப்பு என்பார்கள். பயிற்சிப் புத்தகத்தில் அந்த இடைவெளி பெரும்பாலும் ரெயினைத் தவறவிட்டவனைப் பற்றியது.

இன்றைக்குப் பலாலி வீதியிலும் பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றியும் ஆங்கில வகுப்புப் பலகைகள் வேறு மொழி பேசுகின்றன. ஸ்போக்கன் இங்கிலிஸ், ஐ.ஈ.எல்.ரி.எஸ், இலக்கணம் இல்லாமல் ஆங்கிலம். 2010 நவம்பரிலிருந்து பிரித்தானியாவில் இருக்கும் மாப்பிள்ளையிடம் போகவும் ஆரம்பமட்ட ஆங்கிலப் பரீட்சை ஒன்று கட்டாயமானது, பேசுவதும் கேட்பதும். கலியாணம் முடித்துவிட்டு விசாவுக்காகக் காலங்களைப் பாடமாக்கிய பெண்கள் இந்த ஊரில் உண்டு. இலக்கணம் இல்லாமல் ஆங்கிலம் என்ற வாக்குறுதியை நான் நம்புவதில்லை. ஆங்கிலம் ஓடும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது சரி. மற்றவர்களிடம் விதியையும் பறித்துவிட்டால் பிடிக்க என்ன மிச்சம்?

கடைசியாக, செயப்பாட்டுவினை. பாசிவ் வொய்ஸ் என்று சொன்னால்தான் பெடியளுக்கு விளங்கும். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு முறையான செயப்பாட்டு வடிவம் இல்லை, ‘படு’ சேர்ப்பதுதான் உண்டு, பேச்சில் அதுவும் குறைவு என்ற கருத்தைச் சொன்னார். பேச்சைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ‘என்னால் சோறு உண்ணப்பட்டது’ என்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் செய்தவனை வசனத்திலிருந்து அகற்ற நமக்கு வேறு வழிகள் இருந்தன. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியர் குறித்திருக்கிறார். உரைகாரர் தரும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொண்டதாம். மெழுகியவள் யார்? அவளை எவரும் கேட்கவில்லை. தாமோதரம்பிள்ளை அச்சில் ஏற்றிய அந்தச் சொல்லதிகாரத்தில் வரும் இந்த உதாரணத்துக்குள் ஒரு பெண்ணின் முழு நாள் வேலை மறைந்திருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

ஆங்கில வகுப்பில் சொல்வார்கள்: செய்தவன் யாரென்று தெரியாவிட்டால், அல்லது அது முக்கியமில்லாவிட்டால், பாசிவைப் பாவி. ‘பை சம்வன்’ என்பதை விட்டுவிடலாம், புள்ளி குறையாது. இந்த விதியை நம் ஊருக்குள் நடத்திப் பார்க்க வேண்டும். 1981 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் அழிந்தது. அதை எப்படிச் சொல்வது? நூலகம் எரிந்தது என்று சொல்லலாம். மின்னொழுக்கால் எரிந்ததுபோல் இருக்கும். எரிக்கப்பட்டது என்று பத்திரிகை எழுதும். லைபிரரியை எரிச்சவங்கள் என்று சனம் சொல்லும், நான் மேலே சொன்ன அந்தப் பொறுப்பெடுத்துச் சொல்லும் இறந்தகாலத்தில். ஆங்கிலத்தில் தானாக எரிந்தாலும் எவரோ எரித்தாலும் வினை ‘பேர்ன்ட்’தான், வசனத்தின் அமைப்பைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். தமிழில் எரிந்ததும் எரித்ததும் வினையின் உடம்பிலேயே பிரிந்து நிற்கின்றன. தன்வினை, பிறவினை என்று ஆறாம் வகுப்பில் படித்து மறந்த பாடம் இது.

மறக்காதவர்கள் இருந்தார்கள். இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, 1996இல் குடாநாட்டில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. போரின் கடைசி நாட்களில் கையளிக்கப்பட்டவர்கள் வேறு. நீண்ட காலம் இவர்களுக்கு இருந்த பெயர் காணாமற்போனோர். திருவிழாவில் பிள்ளை காணாமற்போகும், பணப்பை காணாமற்போகும். ‘போ’ என்பது தன்வினை. அதற்குள் இன்னொருவருக்கு இடமே இல்லை. போனவரே போனார். தாய்மார் அந்தப் பெயரை ஏற்கவில்லை. என்ர பிள்ளை காணாமல் போகேல்லை, கொண்டுபோனவங்கள் என்றார்கள். அவர்கள் வைத்த பெயர் காணாமல் ஆக்கப்பட்டோர். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் என்று இன்னும் நீட்டிச் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அரசு உருவாக்கிய அலுவலகம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்ற பெயரோடுதான் வந்தது. வீதியோரக் கொட்டகைகளில் தொங்கிய பதாகைகளில் மற்றப் பெயர்தான் இருந்தது.

செய்தவனை மறைக்கும் வினை என்று எந்த வடிவத்தைப் பற்றி ஆங்கில ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்களோ, அதே வடிவத்தை அந்தப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். அரச அறிக்கைகளின் பாசிவ் பொறுப்பைக் கழுவுவதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாசிவ் வேறு வேலை செய்கிறது. ‘ஆக்கப்பட்டோர்’ என்று சொன்னதும் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று வசனமே வற்புறுத்துகிறது. பெயரைச் சொல்லாவிட்டாலும் பெயருக்கான இடம் திறந்துவிட்டது. யாரால் என்ற கேள்வியைக் கேட்காமல் அதை வாசிக்க முடியாது. பெயரைச் சொல்ல முடியாத நாட்டில், சொன்னால் ஆபத்து வரும் காலத்தில், இதைவிடக் கூர்மையாக ஒரு வினையைப் பயன்படுத்த முடியுமா என்று தெரியவில்லை. இவர்களில் எத்தனை பேர் இலக்கணம் படித்தவர்கள்? கிறமர் நோட்ஸ் கேட்ட அந்த முதலாம் வருட மாணவர்களின் வயதில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இவர்களுக்குள் இருந்தார்கள்.

பாடப்புத்தகத்தில் செயப்பாட்டுவினைப் பாடத்தின் முடிவில் இரண்டு பயிற்சி இருக்கும். ஒன்று, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவது. அது சுலபம், இருந்த எழுவாயைத் தூக்கி எறிந்தாலும் சரி. இரண்டாவது, செயப்பாட்டுவினையைச் செய்வினையாக மாற்றுவது. அதற்கு எழுவாய் வேண்டும்; தராத இடத்தில் ‘சம்வன்’ என்று எழுதிக்கொள் என்று புத்தகம் சொல்கிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோவிலடியில் உட்கார்ந்த தாய்மார் கேட்டது இந்த இரண்டாம் பயிற்சியின் விடையை. ‘சம்வன்’ என்ற விடைக்கு அவர்களிடம் புள்ளி கிடையாது.